நான்கு அடி எழும்ப அனுமதி

ஒருவர் நூல் எழுதி முடித்தால் அதை இன்னொருவர் வெளியிட வேண்டும். வெளியிட்டதை வேறொருவர் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதைக் கண்டு மற்றவர்கள் கைதட்ட வேண்டும். தமிழர் எந்தக் கண்டத்தில் குடியேறினாலும் இந்த மூன்று கடமைகளையும் மறப்பதில்லை. நான்காவதாகப் படிப்பது என்று ஒன்று உண்டு. அது கடமையில் சேராது. அவரவர் ஓய்வைப் பொறுத்தது. இந்த முறைப்படி 1978ஆம் ஆண்டு டொராண்டோ மாநகரில் நடந்தேறிய ஒரு வெளியீட்டு விழாவின் வரலாற்றை, விழாவை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் செயலாளன் ரகுநாதன் ஆகிய நான் இங்கே பதிவு செய்கிறேன். வருங்காலத்தார் இதைப் படித்து நல்வழி தேறுவார்களாக.

நூலாசிரியர் பெயர் மோகனசுந்தரம். கிண்டியில் பொறியியல் படித்து, டொராண்டோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் குழாய் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். ஏழு ஆண்டுகள், சனி ஞாயிறு தவறாமல், நூலகத்தில் அமர்ந்து அவர் எழுதியது 'வான்கார்ட்' என்னும் அமெரிக்க ராக்கெட்டின் வரலாறு. அமெரிக்கர்கள் செயற்கைக்கோள் அனுப்புவதற்கென்று ஆரம்பத்தில் செய்த ராக்கெட் அது. பதினொரு முறை முயன்று மூன்று முறை செயற்கைக்கோளைச் சேர்ப்பித்தது. மற்ற எட்டு முறையும் பாடம் கற்பித்தது.

அவருடைய மனைவி சியாமளா கேட்டதில் நியாயம் இருந்தது.

"சந்திரனுக்குப் போன ராக்கெட் ஒண்ணு இருக்கே, அதை எழுதக் கூடாதா? விழுந்ததைப் போய் எழுதறீங்க."

"சந்திரனுக்குப் போனதைத்தான் எல்லாரும் எழுதிட்டாங்களே. விழுந்ததை எழுதணும்னா விழுந்தவன்தான் எழுதணும்."

"நீங்க எங்கே விழுந்தீங்க? ஏறினாத்தானே விழறதுக்கு."

மோகனசுந்தரம் எழுந்து நான்காம் அத்தியாயத்தைத் திருத்தப் போய்விட்டாராம். நூலில் அவருக்கு உயிர் அந்த அத்தியாயம். என்னிடம் ஒருநாள் சொன்னார்: "சார், நாலாவது அத்தியாயம்தான் புத்தகம். மத்ததெல்லாம் அதுக்கு ஏணி. யாராவது ஒருத்தர் அதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு போன் பண்ணினாப் போதும். ஏழு வருஷத்துக்கு அதுவே கூலி." அவருடைய இந்த வேண்டுகோளை நான் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் முறையாகப் பதிந்தேன். கையெழுத்துப் படியின் நகலொன்றையும் கொடுத்தார். அதை என் மேசையில் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன்.

நூல் சென்னையில் அச்சாகிக் கப்பலேறியது. 1958 மார்ச் பதினேழாம் தேதி அந்த ராக்கெட் முதன்முறையாக ஒரு சின்னஞ்சிறு கோளை விண்ணில் சேர்த்தது. அதன் இருபதாம் ஆண்டு நிறைவு நாளில் நூல் வெளியாக வேண்டும் என்று முடிவாகி, முதல் பக்கத்திலேயே 17-3-1978 என்று அச்சிடப்பட்டுவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை தவறினால் முந்நூறு பிரதிகளும் பொய் சொல்லும்.

மண்டபத்துக்கு விண்ணப்பம் எழுதியவன் நான். தமிழில் மங்கலமாக ஒரு வாக்கியம் அமைத்து, அதன் பொருள் ஓர் இம்மியும் குறையாமல் ஆங்கிலத்தில் ஆக்கினேன்: 'வான்கார்ட் ராக்கெட்டைச் சங்கத் தலைவர் திரு. சுந்தரராஜன் வெளியிட, பல் மருத்துவர் டாக்டர் நாகலட்சுமி மேடையில் பெற்றுக்கொள்வார். பின்னர் சிற்றுண்டி வழங்கப்படும்.' 'வெளியிட' என்பதற்கு 'லாஞ்ச்' என்று போட்டேன்; நூல் என்ற சொல்லை நான் எழுதவில்லை. நம்மவர் ஒருவர் வெளியிட, இன்னொருவர் பெற்றுக்கொண்டால் அது நூலன்றி வேறு என்னவாக இருக்க முடியும்?

பத்து நாளில் எனக்கும் மோகனசுந்தரத்துக்கும் அழைப்பு வந்தது. பொதுமண்டப நிகழ்ச்சி ஒழுங்குமுறைப் பிரிவில் திரு. பிளெட்சர் என்னும் அலுவலர் எங்களை எதிரே அமரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியும் நிதானமும் உடைய மனிதர். அவர் பேசிய ஆங்கிலத்தை அதன் மிடுக்கோடு தமிழில் தருகிறேன்.

"ராக்கெட்டை வெளியிடுபவருக்கு முன்னனுபவம் உண்டா?"

"ஆறு வெளியிட்டிருக்கிறார்," என்றேன் பெருமையோடு.

பிளெட்சர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆறா? எங்கே?"

"மூன்று மதுரையில். மூன்று இங்கே, ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில்."

"நிலவறையில். எவருக்கேனும் காயம்?"

"சென்ற முறை ஒருவர் உறங்கிப்போய் நாற்காலியிலிருந்து விழுந்தார். அடி பலமில்லை."

"டாக்டர் நாகலட்சுமி எவ்வளவு தூரத்தில் நின்று பெற்றுக்கொள்வார்?"

"கைக்கெட்டும் தூரத்தில்."

"அவர் பல் மருத்துவர்."

"ஆம்."

"தீக்காயத்துக்கு வேறு மருத்துவரை அழைத்திருக்கிறீர்களா?"

அப்போதுதான் மோகனசுந்தரம் விழித்துக்கொண்டார். "ஐயா, இது ராக்கெட் இல்லை. ராக்கெட்டைப் பற்றிய புத்தகம்."

பிளெட்சர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இருக்கலாம். ஆனால் விண்ணப்பம் ராக்கெட் என்ற பிரிவில் பதிவாகிவிட்டது. புத்தகமென்றால் அது இலக்கிய நிகழ்ச்சி. இலக்கிய நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தேதிக்கு இருப்பது ஐந்து வாரம்."

"ராக்கெட்டுக்கு?"

"மூன்று வாரம். இதுவரை யாரும் கேட்காததால் அந்தக் கெடுவை நீட்ட வேண்டிய அவசியம் எழவில்லை."

மோகனசுந்தரம் முதல் பக்கத்துத் தேதியை நினைத்தார். பெருமூச்சு விட்டார். "அப்படியானால் இது ராக்கெட்," என்றார்.

"நன்று. இதன் முந்தைய பறப்பு விவரம்?"

உண்மை பேசும் மனிதர் உண்மையே பேசினார். "1955இல் ஒரு குழு அமைத்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள்."

"குழுவா? நல்லது."

"ராணுவத்தாரிடம் இன்னொரு ராக்கெட் இருந்தது. அதைச் சீக்கிரமே ஏவியிருக்க முடியும்."

"பிறகு ஏன் இதை?"

"அது ஆயுதத்தின் வம்சம். இது ஆராய்ச்சிக் கருவியின் வம்சம். விண்ணில் ஏறும்போது பார்வைக்குக் கண்ணியமாக இருக்கும் என்று கருதினார்கள்."

"கண்ணியம் முக்கியம்," என்று குறித்துக்கொண்டார் பிளெட்சர். "ஏறியதா?"

"1957 டிசம்பர் ஆறாம் தேதி, நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்க, நான்கு அடி எழும்பியது. இரண்டு வினாடி. பிறகு அப்படியே உட்கார்ந்து வெடித்தது."

பிளெட்சர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "பொது மண்டபத்தில் எந்தப் பொருளும் நான்கு அடிக்கு மேல் எழும்பக் கூடாது. அதற்கு மேல் எழும்பினால் வான் போக்குவரத்து, வேறு இலாகா. நான்கு அடி என்றால் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. உங்கள் ராக்கெட் மிகவும் ஒழுங்கான ராக்கெட்."

அனுமதி கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. ராக்கெட்டின் உயரம் மேடைத் தரையிலிருந்து அளக்கப்படும். பெறுபவர் ஹெல்மெட்டும் தடித்த கையுறையும் அணிய வேண்டும். முதல் மூன்று வரிசைகளில் எவரும் அமரலாகாது. மேடையோரம் ஒரு வாளி மணல் வைக்க வேண்டும். பத்திலிருந்து பூஜ்யம் வரை இறங்குமுக எண்ணிக்கை நாட்டின் ஆட்சிமொழிகள் இரண்டிலும் நடக்க வேண்டும். அதன்பின் ஆர்வமுள்ளோர் தமிழிலும் எண்ணிக்கொள்ளலாம். ராக்கெட் ஒன்று அலுவலகக் கோப்புக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். 'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில் பெற்றவரின் கையொப்பம் கட்டாயம்.

இதைச் செயற்குழுவில் படித்தபோது எதிர்ப்பு கிளம்பும் என்று அஞ்சினேன். சுந்தரராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ரகுநாதன், இது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா உங்களுக்கு? இந்த ஊர்ல வேற எந்தச் சங்கத்துக்காவது அரசாங்க இன்ஸ்பெக்டர் டேப் எடுத்துட்டு வந்திருக்காரா? அழைப்பிதழ்ல முதல் வரியிலேயே போடணும்."

"புத்தகத்தோட பேரு எங்கே போடறது சார்?" என்று கேட்டார் மோகனசுந்தரம்.

"கீழே இடமிருந்தா போடுவோம்."

ஹெல்மெட் நாகலட்சுமிக்கு மட்டும் என்றபோதுதான் சச்சரவு வந்தது.

"வெளியிடறவன் தலை தலை இல்லையா? அவங்க மட்டும் மஞ்சளா மினுக்கிட்டு நிப்பாங்க, நான் வழுக்கையோட பக்கத்துல நிக்கணுமா?"

"தலைவரே, நான் கேட்டா வாங்கினேன்?" என்றார் நாகலட்சுமி. "எனக்குக் கொண்டை வேற போடணும். உங்களுக்கு அந்தச் சிரமமாவது இல்லை."

முடிவில் மேடையில் அமரும் ஒன்பது பேருக்கும் ஹெல்மெட் என்று தீர்மானம் நிறைவேறியது. மோகனசுந்தரம் தம் தொழிற்சாலையில் இரவல் வாங்கி வந்தார். முதல் மூன்று வரிசை காலியாக இருக்க வேண்டும் என்பது அதைவிடச் சிக்கலாயிற்று. நான்காம் வரிசையில் உட்காரச் சம்மதிக்கும் பிரமுகர் ஒருவரும் நம்மிடையே இல்லை. நான் சிந்தித்து, நான்காம் வரிசை நாற்காலிகளில் 'முதல் வரிசை' என்று எழுதி ஒட்டினேன். மானம் காக்கப்பட்டது.

விழா நாளன்று நகரத்தில் பாதிப்பேர் பச்சை உடுத்தி ஐரிஷ் திருநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் உருகிய பனி சேறாய்க் கிடந்தது. மண்டப வாசலில் குவிந்த பூட்ஸுகளைப் பார்த்தாலே கூட்டம் எவ்வளவு என்று தெரிந்தது. எட்டுப் பேர் பேசினார்கள். எட்டுப் பேரும் நான்காம் அத்தியாயத்தைப் புகழ்ந்தார்கள். அதுதான் உயிர் என்று அழைப்பிதழின் அடியில் போட்டிருந்தது. ஒருவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். வடையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

பிறகு வெளியீடு. திரு. பிளெட்சர் மேடையேறி, டேப்பைத் தரையில் ஊன்றி, நான்கு அடியில் விரலை வைத்தார். சுந்தரராஜன் ஆறடி உயரம். அவர் நெஞ்சுக்கு நேரே நூலை உயர்த்தப் பிளெட்சர் கூடாதென்று தலையசைத்தார்; தலைவர் இறக்கினார்; பிளெட்சர் மறுபடியும் தலையசைத்தார். கடைசியில் தலைவர் முழங்காலை மடக்கி, ஹெல்மெட் கண்ணை மறைக்க, சபைக்கு வணக்கம் செலுத்துபவரைப் போல் நின்றார். ஆங்கில எண்ணிக்கை ஒழுங்காக முடிந்தது. பிரெஞ்சில் எண்ண முன்வந்தவருக்கு ஐந்து வரைதான் தெரியும்; எனவே ராக்கெட் அந்த மொழியில் ஐந்திலிருந்து புறப்பட்டது.

நாகலட்சுமி இரு கைகளையும் நீட்டினார். பனி அள்ளும் தடித்த கையுறை. நூல் அதில் ஒரு கணம் நின்றது, வழுக்கியது, மேடையில் தொப்பென்று விழுந்து சறுக்கி, மணல் வாளிக்குப் பின்னால் போய் மறைந்தது.

பிளெட்சர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: எழும்பிய உயரம் நான்கு அடி. நேரம் இரண்டு வினாடி. சேதம் இல்லை. வெற்றி.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. புகைப்படத்துக்காகப் பெட்டியிலிருந்து வேறு ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தோம். வாளிக்குப் பின்னால் விழுந்ததை எவரும் தேடவில்லை. பிளெட்சர் மட்டும் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, தம் கோப்புக்கென்று பையில் வைத்துக்கொண்டார். பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் மட்டும் நாகலட்சுமியைக் கையொப்பமிட அவர் விடவில்லை. "அவர் பெறவில்லை. நான் பார்த்தேன்," என்றார். கட்டம் காலியாகவே இருந்தது.

முந்நூறு பிரதிகளும் அன்றே போய்விட்டன. ஹெல்மெட் மட்டும் ஊரில் தங்கியது. அடுத்த மாத வீணைக் கச்சேரிக்குத் தலைமை தாங்க வந்தவர், தமக்கு ஏன் ஹெல்மெட் இல்லை, முக்கியத்துவம் குறைந்துவிட்டதா என்று வருந்தினார். கொடுத்தோம். அதுமுதல் ஹெல்மெட் இல்லாத மேடையை எங்கள் மக்கள் மதிப்பதில்லை.

நான் சங்கத்தின், உருளையில் நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இதழில் மதிப்புரை எழுதினேன். அதிலிருந்து ஒரு வரியைப் பலரும் மேற்கோள் காட்டினார்கள்: 'நான்காம் அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைக்கூட நீக்க இயலாது.' மோகனசுந்தரத்தைக் கடையில் கண்டவர்கள் இதையே அவரிடம் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து, "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?" என்று கேட்பாராம். எழுத்தாளர்களுக்குப் புகழ் ஆசை அடங்காது என்று எண்ணி அவருக்காக வருந்தினேன்.

மே மாதம் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. திரு. பிளெட்சர்.

"உங்கள் ராக்கெட்டைக் கோப்பில் சேர்க்குமுன் பக்கங்களை எண்ண வேண்டியது என் கடமை. அறுபத்தைந்து முதல் எண்பது வரை பதினாறு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவை அப்படித்தான் இருக்க வேண்டுமா?"

அறுபத்தைந்தில்தான் நான்காம் அத்தியாயம் தொடங்குகிறது. என் மதிப்புரை எனக்கு நினைவுக்கு வந்தது. சமுதாயத்தின் மானம் என் நாவில் இருந்தது.

"அது தமிழ் மரபு," என்றேன். "மிக உயர்ந்த செய்தியை எழுதாமல் விடுவோம்."

"எதற்கும் ஆசிரியரைக் கேட்கிறேன்," என்றார் அந்த நம்பிக்கையற்ற மனிதர்.

நான் உடனே ரெக்ஸ்டேலில் இருந்த ஆசிரியர் வீட்டுக்கு விரைந்தேன். மோகனசுந்தரம் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் அலமாரியைத் திறந்தார். உள்ளே, பதினாறு பதினாறு பக்கமாகத் தைத்த சைக்ளோஸ்டைல் கட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன.

"விழாவுக்கு மறுநாள் காலையிலேயே பார்த்துட்டேன் சார். அச்சகத்துல ஒரு பாரம், பதினாறு பக்கம், அச்சாகாமலே விட்டுப்போச்சு. முந்நூறுலயும். யாராவது போன் பண்ணுவாங்க, உடனே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்னு ராத்திரி பகலா உருட்டி வச்சேன்."

"யார் போன் பண்ணினாங்க?"

"பிளெட்சர்."

சியாமளா காபியைக் கொண்டுவந்து வைத்தார். "தமிழ் தெரியாதவருக்குத்தான் சார் புத்தகம் புரிஞ்சிருக்கு," என்றார்.

மறுநாள் நானும் மோகனசுந்தரமும் பிளெட்சருக்கு எதிரே அதே அறையில் அமர்ந்தோம். காலியான பக்கங்களில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் கோப்பை மூட முடியாது என்றார் பிளெட்சர். மோகனசுந்தரம் ஒரு கட்டைப் பிரித்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பார்க்கிங் மீட்டரின் நினைவு வந்தது. வெளியே போய்க் காசு போட்டேன். வெயில் இதமாக இருந்தது. இன்னொரு முறையும் காசு போட்டேன்.

திரும்பி வந்தபோது பிளெட்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கடைசிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது போலும்.

"ராக்கெட் வெடித்துவிட்டது," என்றார் பிளெட்சர் மெதுவாக. "உச்சியில் இருந்த சிறு கோள் மட்டும் தெறித்து விழுந்தது. அதன்பிறகும் அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது."

"ஆம், ஐயா. தரையில் கிடந்தபடியே."

"விண்ணிலிருந்து அனுப்ப வேண்டிய சமிக்ஞை."

"அதே சமிக்ஞை. தான் விழுந்துவிட்டது அதற்குத் தெரியாது."

"யாரும் அதற்கு அறிவிக்கவில்லை," என்றார் பிளெட்சர். பிறகு கோப்பை இழுத்து, மார்ச் மாதத்திலிருந்து காலியாகக் கிடந்த கட்டத்தைத் தேடிப் பிடித்தார். 'பெற்றுக்கொண்டவர்' என்று இருந்த இடத்தில் தம் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக் கையொப்பமிட்டார்.

மோகனசுந்தரம் வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து காரில் ஏறும்போது, தம் கையில் இருந்த சைக்ளோஸ்டைல் கட்டை என் மடியில் வைத்தார். "நீங்களும் ஒண்ணு வச்சுக்கோங்க சார்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்பர்களே, இதிலிருந்து நாம் பெற வேண்டிய நீதி தெளிவானது. அச்சகத்தார் அலட்சியமாக இருத்தலாகாது. செயற்குழு ஏகமனதாக அச்சகத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பதினாறு பக்கங்களையும் சேர்த்து இரண்டாம் பதிப்பு கொண்டுவரவும், அதற்கு இன்னும் பெரிய விழா எடுக்கவும் முடிவு செய்தது. இம்முறை எட்டு வாரத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டோம். ஆனால் ராக்கெட் என்றே விண்ணப்பித்தோம். புத்தகமென்றால் இன்ஸ்பெக்டர் வரமாட்டார்.

நான்காம் அத்தியாயத்தைப் பற்றிச் சிறப்புரை ஆற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. மோகனசுந்தரம் கொடுத்த கட்டு என் மேசையில், கண்ணில் படும் இடத்தில், கையெழுத்துப் படியின் மேலேயே இருக்கிறது. விழாவுக்கு இன்னும் மூன்று நாள் உள்ளது. உரையை எழுதி முடித்துவிட்டேன்.